பழைய வீடு வாங்கிப் புதுப்பித்து விற்க: டைல்ஸை விடுங்கள், சீலிங்கைப் பாருங்கள்

பரமக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: கீழக்கரையில் கடலுக்கு நடந்து போகிற தூரத்தில், 1980களில் கட்டிய கான்கிரீட் வீடு 38 லட்சத்துக்கு வருகிறது. டைல்ஸ், புட்டி, பெயின்ட், பால்ஸ் சீலிங் என்று 6 லட்சம் போட்டால் ஒரே வருஷத்தில் 55 லட்சத்துக்கு விற்றுவிடலாம் என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

முதலில் கணக்கு. 38 லட்சத்துக்கே பத்திரம் போட்டால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 3 லட்சத்து 42 ஆயிரம். வேலைக்கு 6 லட்சம். 55க்கே போனாலும் கையில் நிற்பது ஏழரை லட்சம் சொச்சம், அதிலும் புரோக்கர் வாங்கும்போதும் விற்கும்போதும் கமிஷன் கேட்பார், 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் முழுவதும் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். கூரை கெட்டிருந்தால் இந்த ஏழரை லட்சத்தை அது ஒன்றே விழுங்கிவிடும், அதனால்தான் சொல்கிறேன், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அண்ணாந்து பாருங்கள்.

நம் கரையில் உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கி கம்பியைத் தொட்டுவிடுகிறது. அந்தக் காலத்தில் உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், உப்பு பிறவியிலேயே உள்ளே இருக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் தேவை, அது ஆப்பு மாதிரி உள்ளேயிருந்து நெம்பி கான்கிரீட்டைத் தள்ளும். கடலைப் பார்த்த சன்ஷேடின் அடிப்பக்கம், பாத்ரூம் சீலிங், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, இந்த மூன்று இடத்தை முதலில் பாருங்கள். சீரான இடைவெளியில் நேர்கோடாக ஓடும் விரிசல் என்றால் கம்பி போகும் வழியில் ஓடுகிறது என்று அர்த்தம். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று பேசும், கெட்ட இடம் 'பொத் பொத்' என்று வெற்றாகக் கேட்கும். புதிதாகப் பட்டைப் பட்டையாகப் பூசியிருந்தாலோ, வாங்குவதற்கு முன்பே பால்ஸ் சீலிங் மாட்டியிருந்தாலோ ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அன்றே கிளம்பிவிடுங்கள்.

"கொத்திட்டு சிமென்ட் அடிச்சா சரியாயிரும்" என்பார்கள். ஆகாது. பூசின இடத்தைச் சுற்றி இருக்கும் பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியேதான் இருக்கிறது, அடுத்து அங்கே துரு கிளம்பும். பாதிக் கூரை வெற்றாகக் கேட்டால் ஸ்லாபை இடித்துப் புதிதாகப் போடுவதுதான் வேலை. புதிதாகப் போடும்போது கடற்காற்று நேரே படும் இடத்தில் கம்பிக்கு 45 மி.மீ. கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் தடிமன்), எம்30 தரக் கலவை என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது, உங்கள் கொத்தனார் 20 மி.மீ. கவர் பிளாக்கோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

இதெல்லாம் கான்கிரீட் வீட்டுக்கு. பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடு வந்தால் கதை வேறு, அதைப் புரோக்கர்கள் "இடிச்சுப் போட வேண்டியது" என்பார்கள், நம்பாதீர்கள். அதில் கம்பியே இல்லை, துருவுக்கு வேலையில்லை. அந்தச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கி, உப்பு பூத்து, பூச்சு தகடு தகடாக உதிரும். பூசுவதும் அடிப்பதும் சுண்ணாம்பாகவே இருக்கட்டும். அங்கே பார்க்க வேண்டியது மர உத்திரம் சுவருக்குள் நுழையும் முனை: ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், பொதபொதவென்று இறங்கினால் கறையானோ ஈரமோ தின்றுவிட்டது, உத்திரம் மாற்ற வேண்டும். கல்லை மட்டும் வீசாதீர்கள், கடலில் பவளப்பாறை எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், மாற்றுக் கல் கிடைக்காது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் பெரும்பாடு.

அப்புறம் பத்திரம். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டும்தான் காட்டும். கீழக்கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு, முஸ்லிம் சட்டப்படி வாய்மொழியாகவே ஹிபா (தானம்) கொடுத்து வீட்டை ஒப்படைத்தாலும் செல்லும், அது சான்றில் ஒரு வரிகூட வராது. சான்றை ஆன்லைனில் தருகிறோம் என்று பெருமைப்படுகிற பதிவுத்துறையினர் இந்த எச்சரிக்கையைச் சான்றின் தலையில் கொட்டை எழுத்தில் போட்டால் என்ன? அதனால் வீட்டில் குடியிருப்பது யார், எந்த உரிமையில் என்று நேரில் கேளுங்கள், மகள்கள் உட்பட வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடட்டும். "மேலே மாடி எழுப்பலாம்" என்று புரோக்கர் சொன்னால் கடலை ஒட்டிக் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் அந்த சர்வே எண் எங்கே விழுகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டும், அலையத்தான் வேண்டும்.

சீலிங் சரியாக இருந்தால் 38க்குப் பேசலாம். வெற்றாகக் கேட்டால் புது ஸ்லாப் செலவுக்கு ஓர் இன்ஜினீயரிடம் மதிப்பீடு எழுதி வாங்கி, அதை முழுதாகக் கழித்துக்கொண்டு விலை கேளுங்கள். அட்வான்ஸ் விற்பவரின் வங்கிக் கணக்குக்கே போகட்டும், புரோக்கர் கைக்கு வேண்டாம். சொத்துக்கான முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது.