வாசகர் கேள்வி: மெடிகெய்டை வெட்டினால் மிச்சம் யாருக்கு?

கேள்வி: அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டைக் குறைத்துவிட்டார்கள் என்று ஒஹையோவில் இருக்கும் மகன் சொன்னான். அரசுக்குப் பணம் மிச்சம்தானே அம்மா, இதில் பொருளாதாரத்துக்கு என்ன கெடுதல்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வாஷிங்டன் கணக்குப் புத்தகத்தில் மிச்சம்தான். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தால் பத்து ஆண்டுகளில் மெடிகெய்டுக்கான மத்திய அரசுச் செலவு 90,000 கோடி டாலருக்கு மேல் குறையும், 2034-க்குள் காப்பீடு இல்லாதவர்கள் சுமார் ஒரு கோடிப் பேர் கூடுவார்கள் என்பது அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் போட்ட கணக்கு. ஆனால் அந்த ஒரு கோடிப் பேருக்கும் நோய் வராமல் இருக்கப் போவதில்லையே!

2005-ல் டென்னசி மாநிலம் 'டென்கேர்' என்ற தன் மெடிகெய்ட் திட்டத்திலிருந்து சுமார் 1,70,000 பேரை நீக்கியது. அப்போது அங்கே ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் இருந்தேன். மாதாமாதம் இன்சுலின் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், அட்டை போனதும் மருந்தை நாள்விட்டு நாள் போட ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒரு நாள் ஆம்புலன்சில் வந்து ஐ.சி.யூ.வில் படுத்தார்கள். அவசர சிகிச்சைக்கு வருபவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என 1986-லிருந்தே சட்டம் இருக்கிறது. ஆகவே சிகிச்சை நடக்கும், பில்லும் போடுவோம். அது வராது என்று போடும்போதே எங்களுக்குத் தெரியும். சில மாதம் கழித்து வசூல் ஏஜென்சிக்குப் போகும். அந்தக் குடும்பத்தின் கடன் மதிப்பீடு கெடும், கார் கடன் கிடைக்காது. பஸ் இல்லாத ஊரில் கார் இல்லையென்றால் வேலையும் இல்லை.

காப்பீடு இல்லாதவர் ஒருவர் கூடினால் உள்ளூர் மருத்துவமனைகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 900 டாலர் வராக்கடன் ஏறுகிறது என்று பொருளாதார ஆய்வாளர்கள் பின்னாளில் கணக்கிட்டார்கள். பெரிய நகரத்து மருத்துவமனை தாங்கிக்கொள்ளும். சின்ன ஊரில் நர்சுக்கும் லேப் டெக்னீஷியனுக்கும் சமையல்காரருக்கும் சம்பளம் தருவதே அந்த ஆஸ்பத்திரிதான். அங்கே ஆளைக் குறைத்தால் மளிகைக்கடை வரை வியாபாரம் படுக்கும். அமெரிக்காவில் பத்துப் பிரசவங்களில் ஏறக்குறைய நான்குக்கு மெடிகெய்ட்தான் பணம் கட்டுகிறது. அந்தப் பணம் குறைந்தால் பிரசவ வார்டை நடத்துவது கஷ்டமாகிறது. வார்டை மூடிவிட்டால், கம்பெனி காப்பீடு வைத்திருக்கும் பள்ளி ஆசிரியையும் வலியோடு அடுத்த ஊருக்குத்தான் காரில் போக வேண்டும்.

டென்னசியில் டென்கேரை இழந்தவர்களில் ஒரு பகுதியினர் கம்பெனிக் காப்பீட்டுக்காகவே வேலை தேடிப் போனார்கள் என்றும் ஓர் ஆய்வு காட்டுகிறது. அது உண்மை, மறைக்கக்கூடாது. ஆனால் எங்கள் கவுன்ட்டருக்கு வந்தவர்கள், மூச்சிரைப்போடு ஒரு மாடி ஏற முடியாதவர்கள். அவர்களை எந்த முதலாளி எடுப்பார்?

கேள்வி: தெம்பு இருப்பவர்கள் மாதம் 80 மணி நேரம் உழைத்தால்தான் மெடிகெய்ட் என்பது நியாயம்தானே?
– வாசகர், விருதுநகர்

பதில்: கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆர்கன்சா மாநிலம் 2018-ல் இதைச் செய்து பார்த்துவிட்டது. சில மாதங்களில் 18,000-க்கும் அதிகமானோர் காப்பீட்டை இழந்தார்கள். வேலைக்குப் போனவர்கள் கூடவில்லை. நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள், அல்லது விலக்கு பெறத் தகுதி உள்ளவர்கள். வேலை பார்த்த மணி நேரத்தை முதலில் இணையத்தில் மட்டுமே பதியவிட்டார்கள், அந்தத் தளத்தையும் இரவு 9 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். பகல் ஷிப்ட் முடிந்து குழந்தைக்குச் சோறு போட்டுவிட்டு உட்காரும் பெண் எப்போது பதிவாள்? 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதை நிறுத்தியது.

புதிய சட்டப்படி 2027 தொடக்கத்துக்குள் இந்த நிபந்தனை பல மாநிலங்களுக்கு வந்துவிடும். 2023-ல் இதே மாதிரி தொடங்கிய ஜார்ஜியாவில், மருத்துவத்துக்குச் செலவானதைவிட நிர்வாகத்துக்குத்தான் அதிகம் போனது. சம்பளத் தகவல் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை எடுத்துத் தானாகச் சரிபார்க்கட்டும், நோயாளியை ஃபாரம் நிரப்ப வைக்க வேண்டாம். மாநில அரசுகளிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.