நல்ல தண்ணீர்க் கிணறு ஏன் சவராகிறது?

கேள்வி: வாவிக்கரைப் பாடசாலை ஒன்றில் தரம் 5 படிப்பிக்கிறேன். பிரச்சினையைக் கொடுத்துப் பிள்ளைகளையே யோசிக்க விடுங்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். 'நீர் மாசடைவதை எப்படித் தடுக்கலாம்?' என்று கேட்டேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெற்றோரோ புலமைப்பரிசில் வருகிறது, இது எதற்கு என்கிறார்கள்.
- ஆசிரியை, ஆரையம்பதி

பதில்: ரீச்சர், பிள்ளைகளில் பிழையில்லை, கேள்வியில்தான் பிழை. 'குப்பை போடக்கூடாது' என்பது அவர்களுக்கு மனப்பாடம், அதற்குமேல் யோசிக்க அதில் என்ன இருக்கிறது? இப்படிக் கேட்டுப் பாருங்கள்: மாரியில் நல்ல தண்ணீராக இருந்த கிணறு ஆவணியில் ஏன் சவராகிறது, அதுவும் மோட்டர் போட்டு இறைத்தால் ஏன் கூடுதலாகச் சவர்க்கிறது? உடனே கை உயரும். வாவியின் உப்புத் தண்ணீர் உள்ளே வருகிறது என்பான் ஒருவன், வெயிலில் வற்றி உப்பு மிஞ்சுகிறது என்பாள் இன்னொருத்தி. இரண்டையும் பலகையில் எழுதுங்கள், எது சரி என்று முகத்தில்கூடக் காட்ட வேண்டாம்.

அப்புறம் ஒரு கண்ணாடிக் கிளாசில் பாதிக்கு உப்புத் தண்ணீர் விட்டு நீல மை கலந்து, அதன்மேல் கரண்டியின் முதுகு வழியாக நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் பாரம், அதனால் கீழேயே நிற்கும், மேலே தெளிவாக ஒரு படை மிதக்கும். கரையோர மணலுக்குள்ளும் மழைத்தண்ணீர் இப்படித்தான் நிற்கிறது. இனி மோட்டருக்குப் பதிலாக ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றை எடுத்து, அதன் நுனியை நீலத்துக்குச் சற்று மேலே பிடித்து, முதலில் மெதுவாகவும் பிறகு விசையாகவும் இழுக்கச் சொல்லுங்கள். நீலம் எப்போது மேலே ஏறுகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

பிரச்சினையைக் கொடுத்து யோசிக்க விடும் இந்தக் கற்பித்தல் முறை 1969 இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களோடு தொடங்கியது. அவர்கள் வளர்ந்தவர்கள், தாங்களே தேடிப் படிப்பார்கள். பத்து வயதுப் பிள்ளையை அப்படித் தனியே விட்டால் திகைத்துத்தான் போகும், அதனால் 'அப்படியென்றால் எதைப் பார்த்தால் தெரியும்?' என்று இடையிடையே கேட்டு ஒரு படி தூக்கிவிட வேண்டியது உங்கள் வேலை. பெற்றோரிடமும் பயப்படாமல் சொல்லுங்கள், புலமைப்பரிசிலின் முதலாம் வினாத்தாளே யோசிக்கும் பிள்ளைக்கானதுதானே.

எங்கள் கிணறு வாவிக்குப் பக்கத்தில்தான், ஆனால் சவரில்லையே என்று ஒரு பிள்ளை எழும்பினால் பாடத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மறுநாள் அந்தத் தண்ணீரையும் சவர்த் தண்ணீரையும் போத்தலில் கொண்டுவரச் சொல்லி, ருசி பார்க்க விடாமல், கறுப்புத் தட்டுகளில் ஒரே அளவு ஊற்றி வெயிலில் வையுங்கள். எந்தத் தட்டில் வெள்ளை கூடப் படிகிறது என்று இடைவேளையிலும் ஓடி ஓடிப் பார்ப்பார்கள்.