144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் கேம் ஏன் திணறுகிறது?

கோத்தகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) மானிட்டர் வாங்கியும் கேம் பழைய மாதிரியேதான் ஓடுகிறது, அதிகாலையில் ஆடினால் உருவங்களுக்குப் பின்னால் நிழல் இழுக்கிறது என்று.

முதலில் கேபிளைப் பாருங்கள். மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்க வேண்டும்; டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதுவே நல்லது. அப்புறம் விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 144-ஐ நீங்களே தேர்ந்தெடுங்கள். பலருக்கு அது 60-லேயே நிற்கும். 60-ல் படம் 16.7 மில்லிவினாடிக்கு ஒருமுறை மாறும், 144-ல் 6.9.

அடுத்ததுதான் முக்கியம். கார்டு நொடிக்கு 144-க்கு மேல் ஃபிரேம் (படம்) தரும்போது, அதை மானிட்டரின் வேகத்துக்குக் கட்டிவைக்கும் வி-சிங்க் மட்டும் போட்டிருந்தால், ஃபிரேம்கள் வரிசையில் காத்து நிற்கும்; மவுஸ் கனத்த மாதிரி இருக்கும். மானிட்டரின் வேகத்தையே கார்டுக்கு ஏற்ப மாற்றும் ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்கை இயக்கி, கேமுக்குள் ஃபிரேம் வரம்பை 140 என்று வையுங்கள். அப்போதும் 80-க்கும் 140-க்கும் நடுவே துள்ளினால் ஷேடோ தரத்தைக் குறையுங்கள். என்னைக் கேட்டால், தாவித் தாவி வரும் 140-ஐ விடச் சீரான 100 மேல்.

காலை நிழல் நம் மலைக் குளிர் செய்யும் வேலை. எல்சிடிக்குள் இருக்கும் திரவப் படிகம் குளிரில் பாகுத்தன்மை கூடி மெதுவாகத் திரும்பும்; விஏ என்ற எல்சிடி வகைப் பேனலின் இருட்டுக் காட்சிகளில் இது நன்றாகவே தெரியும். மார்கழி, தையில் ஆடுவதற்கு அரைமணி நேரம் முன்பே மானிட்டரைப் போட்டு வையுங்கள். படிகத்தை வேகமாகத் திருப்ப மானிட்டரில் இருக்கும் ஓவர்டிரைவ் அமைப்பை உச்சத்துக்கு ஏற்றாதீர்கள். நிழலுக்குப் பதில் வெளிறிய விளிம்பு வந்துவிடும்.

பிங் (கேம் சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) வேறு விஷயம், அதை எந்த மானிட்டரும் குறைக்காது. வைஃபையை விட்டு லேன் கேபிளில் ஆடிப் பாருங்கள்.