வடகடலோரத்தில் மீன்பிடிக்கும் கரடிகளைப் படமெடுத்தல்: கேள்வி பதில்

லாஸ்பேட்டை வாசகர்: ஐயா, அலாஸ்காவில் கரடி மீன்பிடிப்பதைப் படமெடுக்க எந்த மாதம் போக வேண்டும்?

இடத்தை முடிவு செய்த பிறகே மாதத்தைக் கேட்க வேண்டும். கட்மாய் தேசியப் பூங்காவின் புரூக்ஸ் அருவியில் சாக்கை என்னும் வகைச் சால்மன் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்துத் துள்ளுவது ஜூன் இறுதியில் தொடங்கி ஜூலை முழுவதும் நடக்கும். அருவியின் விளிம்பில் வாயைத் திறந்தபடி கரடி நிற்கும் படங்கள் பெரும்பாலும் அந்த வாரங்களில் எடுக்கப்பட்டவையே. ஆகஸ்டில் மீன்கள் மேலாற்றில் பரவிவிடுவதால் கரடிகளும் கலைந்து போகும். முட்டையிட்டு ஓய்ந்து மடியும் மீன்களைத் தேடிச் செப்டம்பரில் பருத்த உடலோடு திரும்பும். அதே பூங்காவின் கடலோரக் குடாக்களிலோ ஆகஸ்டுதான் நல்ல மாதம். அங்கே போகிறவர்கள் ஏற்றவற்றம் பார்த்தே நடக்க வேண்டும். நம் கடலூர்க் கரையில் ஒரு மீட்டர் அளவுக்கே ஏறி இறங்கும் கடல், அலாஸ்காவின் குக் குடாவில் ஆறு மீட்டரைத் தாண்டும்.

கடலூர் முதுநகர் வாசகர்: என்னிடம் 400 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. போதுமா? ஷட்டர் வேகம் எவ்வளவு?

புரூக்ஸ் அருவியில் பார்வையாளர்கள் நிற்கும் மேடைக்குத் தாராளமாகப் போதும். துள்ளும் மீனை உறைய வைக்க 1/1600 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். மீனைத் துரத்திக் குவியம் பிடிக்க முயலாதீர்கள். அது கண்ணில் படும்போதே கணம் கடந்திருக்கும். கரடியின் மூக்கு நுனியில் குவியத்தை நிறுத்திக்கொண்டு, தண்ணீருக்குள் அதன் பார்வை நிலைத்ததும் தொடர் படமாக அழுத்துங்கள். கரும்பழுப்பு ரோமத்தைப் பார்த்துக் கேமரா ஒளியைக் கூட்ட முயலும், வெண்ணுரை வெளுத்துவிடும். வெளுத்ததை மீட்க முடியாது, இருண்டதை ரா (RAW) எனும் பதப்படுத்தாத மூலக் கோப்பிலிருந்து ஓரளவு மீட்கலாம் என்பதால் நுரைக்கே ஒளியளவு வையுங்கள். பயிற்சிக்கு உங்கள் துறைமுகத்தில் மீன் கவ்வ இறங்கும் செம்பருந்துகளே போதும். கேமராப் பையில் தின்பண்டம் வைக்கும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

பண்ருட்டி வாசகர்: விசாவுக்கு எப்படி விண்ணப்பிப்பது?

பயண முகவரைக் கேளுங்கள். கிங் சால்மன் என்ற ஊரிலிருந்து அருவிக்கு அருகிலுள்ள புரூக்ஸ் முகாமுக்குப் போகும் மிதவை விமானத்தில் எடைக் கட்டுப்பாடு உண்டு என்பதை மட்டும் நான் சொல்ல முடியும்.

வில்லியனூர் வாசகர்: மேடையில் கூட்டத்தோடு நின்று எடுப்பது மிருகக்காட்சிச் சாலைப் படம்தானே? தரையில் இறங்கி அருகே போகிறவர்தான் உண்மையான ஒளிப்படக்காரர்.

மறுக்கிறேன். உங்களை நிமிர்ந்து பார்த்துவிட்ட கரடி மீன்பிடிப்பதை நிறுத்திவிட்ட கரடி. நீங்கள் நெருங்கி எடுத்த படத்தில் அதன் வாழ்க்கை இல்லை, உங்கள் வருகைதான் இருக்கிறது. மனிதர் தினமும் ஒரே இடத்தில், ஒரே விதமாக, உணவில்லாமல் நிற்கும் இடத்தில்தான் கரடி நம்மைப் பொருட்படுத்தாமல் மீனை உரித்துத் தோலையும் மூளையையும் முட்டையையும் மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தைக் கடற்பறவைக்கு விடுவது வரை நமக்குக் கிடைக்கும். 1967இல் சரணாலயமான, அலாஸ்காவின் மக்நீல் ஆற்றில் குலுக்கல் முறையில் நாளொன்றுக்குப் பத்துப் பேருக்கே வழிகாட்டியோடு பார்வை அனுமதி. அந்த அனுமதி முறை வந்தபின் கரடியால் அங்கே ஒருவரும் காயப்பட்டதில்லை.

முத்தியால்பேட்டை வாசகர்: வில்லியனூர் நண்பர் சொல்வதே சரி. ஜப்பானிய ஒளிப்படக்காரர் மிச்சியோ ஹோஷினோ கூடாரத்தில் தங்கித்தானே எடுத்தார்?

அந்தப் பெயரை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். 1996 ஆகஸ்டில் ரஷ்யாவின் கம்சாட்காவில் உள்ள குரில் ஏரிக்கரையில், அந்தக் கூடாரத்திலிருந்துதான் கரடி அவரை இழுத்துச் சென்று கொன்றது. அது மனித உணவில் ருசி கண்ட கரடி என்று பின்னர் சொல்லப்பட்டது. மனிதரைச் சகித்துப் பழகிய கரடி வேறு, மனிதரிடம் சோறு கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட கரடி வேறு. நீங்கள் இருவரும் இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறீர்கள். தான் எந்தக் கரடியின் முன் நிற்கிறோம் என்று அவ்வளவு அனுபவமுள்ள மனிதருக்கே தெரியாமல் போனது.

பாகூர் வாசகர்: எந்த மாதம் போகலாம், ஐயா?

முதல் பதிலைப் படியுங்கள்.

அரியாங்குப்பம் வாசகர்: ட்ரோன் கொண்டு போகலாமா?

2014 முதல் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் தடை.

நெல்லித்தோப்பு வாசகர்: நாள் முழுவதும் நிற்க வேண்டியிருக்குமே, பையில் பிஸ்கட்டாவது வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. புரூக்ஸ் முகாமில் உணவுக்கென்று ஒதுக்கிய இடங்கள் உண்டு. அங்கேயே வைத்து, அங்கேயே உண்டு, கை கழுவிவிட்டு அருவிக்குப் போங்கள்.

வில்லியனூர் வாசகர்: 50 கஜம், அதாவது ஏறக்குறைய 45 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது விதி. கரடியே நம்மை நோக்கி வந்தால் விதியை யார் மீறியதாகும்?

வாதத்துக்காகக் கேட்கிறீர்கள் என்றாலும், இது பயனுள்ள கேள்வி. பாதை கரடிக்கும் உரியது. அது வரும் வழியிலிருந்து ஒதுங்குவது உங்கள் வேலை. ஓடாதீர்கள், ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. நிதானக் குரலில் பேசியபடி பக்கவாட்டிலோ பின்னாலோ நகர்ந்து வழிவிடுங்கள். முக்காலியை மடக்க நேரமில்லையென்றால் மடக்காமலே தூக்கிக்கொண்டு போங்கள். அந்த நேரத்தில் ஒரு படமும் எடுக்க வேண்டாம்.