எபிரெயத்துல நாவால அடிக்கிறது, அரமேயத்துல துண்டைத் தின்கிறது: கேள்வி பதில்

பழைய ஏற்பாட்டுல ஒருத்தர வார்த்தையால தாக்குறதுக்கு என்னென்ன சொல்வழக்கு இருக்குன்னு கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: அண்ணா, எரேமியா 18:18ல "நாவினாலே வெட்டிப்போடுவோம்"னு இருக்கே, சும்மா திட்டுறதா?

பதில்: திட்டுறது இல்ல தம்பி. எபிரெயத்துல அங்க இருக்குறது "அடி"ங்கிற வினை, மோசே எகிப்தியன அடிச்சான்னு வர்ற அதே வினை, அதாவது "வாங்க, நாவால அவன அடிப்போம்". இப்போ 20:2க்குப் போங்க, ஆசாரியன் பஸ்கூர் எரேமியாவ நிஜமாவே அடிக்கிறான், அங்கயும் இதே வினைதான், அப்புறம் 20:10ல "நீங்க சொல்லுங்க, நாங்க போய் அறிவிக்கிறோம்"னு கூட இருக்குறவங்களே பேசிக்கிறாங்க, 26ஆம் அதிகாரத்துல மரண தண்டனை கேட்டு பிரபுக்கள் முன்னாடி வழக்கு. ஆக நாவோட அடி போய் முடியுறது விசாரணையில. இந்த மாதிரி எந்த வசனத்தப் படிச்சாலும் முதல்ல ஒண்ணு பாருங்க: யார்கிட்ட சொல்றாங்க? கேக்குறவன் கையில கொல்ற அதிகாரம் இருக்கா?

கேள்வி: லஷோன் ஹராங்கிறது பைபிள் வார்த்தையா?

பதில்: எபிரெயத்துல "தீய நாக்கு"ன்னு அர்த்தம். புறம்பேசுறதுக்குப் பேரா அது நிலைச்சது பிற்கால ரபிகள் (யூத வேத ஆசிரியர்கள்) காலத்துல. சங்கீதம் 34:13ல "உன் நாவை தீமைக்கு விலக்கு"ன்னு இருக்கு, ஆனா அது இந்தப் பேரு இல்ல.

கேள்வி: தானியேல்ல "துண்டைத் தின்றாங்க"ன்னு ஒரு சொல்வழக்கு இருக்காமே?

பதில்: இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். தானியேல் 3:8லயும் 6:24லயும் தமிழ்ல "குற்றஞ்சாற்றி"ன்னு படிக்கிறோம்ல, அங்க மூலம் எபிரெயம் இல்ல, அரமேயம் (2:4 நடுவுல இருந்து 7 முடியுற வரைக்கும் அரமேயம்தான்). சொல்லுக்குச் சொல் பாத்தா 3:8ல "யூதரோட துண்டுகளைத் தின்னாங்க" (துண்டுன்னா துணி இல்ல, சின்னக் கூறு). இது அரமேயத்துல புதுசா முளைச்சதும் இல்ல, பழைய மெசொப்பொத்தாமியாவோட அக்காத்திய மொழியில அதுக்கும் ரொம்ப முன்னாடியே உண்டு. எகிப்துல கிடைச்ச அமர்னா களிமண் கடிதங்கள் இருக்கே, கி.மு. 14ஆம் நூற்றாண்டு, அதுல எருசலேம ஆண்ட அப்தி-ஹேபா பார்வோனுக்கு எழுதுறான், ராஜா முன்னாடி என் துண்டைத் தின்றாங்கன்னு, அதாவது எம்மேல துரோகப் பழி போடுறாங்கன்னு. தாவீதுக்கு சில நூறு வருஷம் முன்னாடி அதே எருசலேம்ல இருந்து போன புகார்! அங்கயும் பாருங்க, பழி போய்ச் சேர்ற இடம் ராஜா. சீரியாக் (அரமேயத்தோட ஒரு கிளை மொழி) பைபிள்ல பிசாசுக்கே "துண்டு தின்னி"ன்னுதான் பேரு.

கேள்வி: அப்போ சங்கீதம் 27:2ல "என் மாம்சத்தைப் பட்சிக்க"ங்கிறதும் அவதூறுதானே?

பதில்: அவசரப்படாதீங்க. துண்டு வேற, மாம்சம் வேற, மொழியும் வேற. அடுத்த வசனத்துலயே பாளயம், யுத்தம்னு வருது. மிருகம் பாயுற மாதிரி எதிரி பாயுறான், அவ்வளவுதான்.

கேள்வி: ஒத்துக்க மாட்டேன் அண்ணா. அதே சங்கீதம் 12ஆம் வசனத்துல பொய்ச்சாட்சிகள் வர்றாங்களே? யோபு 19:22லயும் மாம்சம்தான். குர்ஆன்ல (49:12) புறம்பேசுறத செத்த சகோதரனோட மாம்சத்தத் தின்கிறதோட ஒப்பிடுது.

பதில்: நல்ல வாதம், ஒவ்வொண்ணா பாப்போம். யோபுல நீங்க சொல்றது சரி, ஏன்னா 19:2லயே "வார்த்தைகளினால் என்னை நொறுக்குவீர்கள்"னு சொல்லிட்டுதான் மாம்சத்துக்கு வர்றான், சுத்தி இருக்குறவங்க கையில வார்த்தையத் தவிர வேற ஆயுதமும் இல்ல. குர்ஆன் பல நூற்றாண்டு கழிச்சு வந்தது, எபிரெயம், அரமேயம், அரபு மாதிரி செமிட்டிய மொழிகள்ல இந்த உருவகம் பரவலா இருந்துச்சுன்னு அது காட்டும், 27:2க்கு இதுதான் அர்த்தம்னு காட்டாது. 12ஆம் வசனம்தான் உங்க பக்கம் பலமான சாட்சி, சில ஆங்கில மொழிபெயர்ப்பும் அவதூறுன்னே போட்டிருக்கு. ஆனாலும் 3ஆம் வசனத்துப் படைய எங்க தள்ளுவீங்க? கவிஞன் ரெண்டையும் சேத்து நெனச்சிருக்கலாம், அதுனால மொழிபெயர்ப்புல மாம்சத்த மாம்சமாவே விடணும்ங்கிறதுதான் என் கட்சி.

கேள்வி: மீகா 3:5ல "பற்களினால் கடிக்கிறது" அவதூறுதானே?

பதில்: இல்ல, சாப்பாடு. அந்தத் தீர்க்கதரிசிகள் வாய்க்கு குடுத்தா சமாதானம்னு தீர்க்கதரிசனம் சொல்லுவாங்க, குடுக்கலன்னா யுத்தம். வசனத்த முழுசா படிங்க.

கேள்வி: லஷோன் ஹரா எந்த வசனத்துல இருக்கு ஐயா?

பதில்: மேல சொல்லியாச்சு.

கேள்வி: லேவியராகமம் 19:16 "கோள்சொல்லித் திரியாதே"ங்கிறது வம்பு பேசாதேன்னுதானே? எங்க சபையில அப்படித்தான் பிரசங்கம்.

பதில்: வசனத்தோட அடுத்த பாதிய ஏன் விட்டுடுறாங்கன்னுதான் எனக்கு வருத்தம். அங்க பிறனோட ரத்தத்தப் பத்திப் பேசுது! எசேக்கியேல் 22:9ல அதே சொல், ரத்தம் சிந்துறதுக்காகவே கோள் சொல்றவங்க. வம்பும் தப்புதான், ஆனா இது ஆளையே காலி பண்ற பேச்சு. யார்கிட்ட சொல்றாங்கன்னு பாருங்க.

கேள்வி: யோசுவா 10:21ல நாவை அசைக்கலன்னா?

பதில்: இஸ்ரவேலுக்கு எதிரா ஒருத்தனும் வாயத் தொறக்கல. யாத்திராகமம் 11:7ல அதே வழக்கு, ஒரு நாயும் நாவை அசைக்காதுன்னு.

கேள்வி: லஷோன் ஹரா பத்தி விளக்கமா...

பதில்: மூணாவது தடவை. தயவுசெஞ்சு மேல படிச்சிட்டு கேளுங்க.

கேள்வி: யோபு 2:9ல தேவனைத் தூஷிக்கச் சொல்லி யோபு மனைவி சொன்னது, மூலத்துல நிஜமா "ஆசீர்வதி"ங்கிற சொல்லா?

பதில்: ஆமா. தேவனத் தூஷிக்கிறதுன்னு எழுதவே கூசி "ஆசீர்வதி"ன்னு போட்டிருக்கு. 1 இராஜாக்கள் 21லயும் இதே சொல்தான், அங்க அது நீதிமன்றக் குற்றச்சாட்டு: நாபோத் தேவனையும் ராஜாவையும் தூஷிச்சான்னு. சாட்சி ரெண்டு பேராவது வேணும்னு சட்டம் (உபாகமம் 19:15), அதுனால ராணி யேசபேல் சரியா ரெண்டு பேர ஏற்பாடு பண்ணச் சொல்றா.