ஓட்டு ஒரு கணக்கு, சீட்டு ஒரு கணக்கு

கேள்வி: சாதாரண ஜனங்களின் ஓட்டுக்கு உரிய மதிப்பு தரும் நாடு எது? பிரிட்டனா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: பிரிட்டனா! அங்கே 2024 தேர்தலில் தொழிற்கட்சி வாங்கியது சுமார் 34 சதவீத ஓட்டு. பிடித்தது 650-இல் 411 இடம். ரிஃபார்ம் கட்சி 14 சதவீதம் வாங்கியும் ஐந்தே இடம். (அந்தக் கட்சியின் அரசியல் எனக்கு ஆகாது. அதற்காக அநியாயம் நியாயமாகிவிடுமா?)

என் ஓட்டு நியூசிலாந்துக்கு. 1981-இல் அங்கேயும் இதே கூத்துதான்: சோஷியல் கிரெடிட் கட்சிக்குச் சுமார் 20 சதவீத ஓட்டு, கிடைத்தது 2 இடம். தொழிற்கட்சி அதிக ஓட்டு வாங்கியும் ஆட்சியில் உட்கார்ந்தது நேஷனல் கட்சி. 1993-இல் பொது வாக்கெடுப்பில் மக்களே முறையை மாற்றிவிட்டார்கள். 1996 முதல் ஆளுக்கு இரண்டு ஓட்டு: வேட்பாளருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. கட்சி ஓட்டின் விகிதப்படிதான் சபையில் பலம். 5 சதவீதமும் எட்டாமல், ஒரு தொகுதியிலும் ஜெயிக்காத கட்சிக்கு மட்டும் பட்டை நாமம். அதுதான் எனக்கு உறுத்தல்.