யாஷா ஹைஃபெட்ஸின் வயலின் பதிவுகளை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? பழைய பதிவுகள் ஏன் சுருதி ஏறி ஒலிக்கின்றன?

ஸ்டீரியோ பதிவுகளில் தொடங்காதீர்கள். 1955-இல் சிகாகோவில் கண்டக்டர் ஃபிரிட்ஸ் ரைனருடன் வாசித்த பிராம்ஸ் கான்செர்ட்டோவைத்தான் (தனி வாத்தியத்துக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய படைப்பு) பலரும் முதலில் சொல்வார்கள். வாசிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இசைத்தட்டு நிறுவனமான ஆர்சிஏ விக்டர் அந்தக் காலத்தில் மைக்கை அவருக்கு மிக நெருக்கத்தில் வைத்தது. வயலின் முகத்துக்கு நேரே நிற்கும், ஆர்கெஸ்ட்ரா பின்னால் ஒதுங்கிவிடும். "வேகம் உண்டு, உருக்கம் இல்லை" என்று அவருக்கு ஒட்டிக்கொண்ட பெயரில் பாதி அந்த மைக்கால் வந்தது என்பேன்.

1934 முதல் 1937 வரை எச்எம்வி நிறுவனத்துக்காக லண்டனில் செய்த பதிவுகளுக்குப் போங்கள். கிளாசுனோவ் கான்செர்ட்டோ (1934, கண்டக்டர் பார்பிரோலி), சிபேலியுஸ் (1935, பீச்சம்), சைகோவ்ஸ்கி (1937, மீண்டும் பார்பிரோலி) மூன்றிலும் லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராதான் உடன் வாசிக்கிறது. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் சிபேலியுஸ். அதன் இரண்டாம் பகுதியில் மெட்டு வயலினின் கீழ்த்தந்தியில் தொடங்கும். அங்கே அவருடைய ஜாருவைக் கவனியுங்கள். புறப்படும் விரலால் இழுத்துக்கொண்டு போகாமல், போய்ச்சேர வேண்டிய விரலைச் சற்றுக் கீழே வைத்து அதிலிருந்து சுரத்துக்குள் வழுக்குவார். இழுவை மிகக் குறுகியது, சுரத்தைத் தொடுவதற்குச் சற்று முன்புதான் கேட்கும். ஹைஃபெட்ஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்ல இது ஒன்றே போதும். நடு இரண்டு தந்திகளுக்கும் உலோகம் சுற்றாத வெறும் குடல் தந்தியே போட்டிருந்தார். வில் பிடிக்கும்போது எழும் அந்தச் சொரசொரப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

மறுவெளியீட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரைச்சலே இல்லாத பிரதி நல்ல பிரதி அல்ல. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டின் உரசல் சத்தத்தைத் துடைக்கும்போது, அதே மேல் அலைவரிசையில் இருக்கும் வில்லின் கடியும் சேர்ந்து போய்விடும். மிச்சம் இருப்பது வழவழப்பான, உயிரில்லாத நாதம். சீரான, மெல்லிய இரைச்சல் விட்டுவைத்த பிரதியை எடுங்கள். நாக்ஸாஸ் ஹிஸ்டாரிகல் வரிசையில் மார்க் ஓபர்ட்-தோர்ன் செய்தவை நம்பகமானவை. இன்னொன்று: 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் நாலு, நாலரை நிமிடம்தான். ஊசி உள்வட்டத்தை நெருங்க நெருங்க மேல் ஒலி மங்கும், அடுத்த பக்கம் தொடங்கியதும் திடீரென்று தெளியும். அவர் நாதத்தை மாற்றினார் என்று நினைத்துவிட வேண்டாம்.

இனி சுருதி. அவர் கார்னகி ஹாலில் அறிமுகமானது 1917 அக்டோபர் 27. இரண்டு வாரத்துக்குள் விக்டர் அவரைப் பதிவு செய்தது. மைக் வராத காலம், எல்லாம் ஒலியை வாங்கும் கூம்புக் குழாய் முன்னால் வாசித்ததுதான். மின்பதிவு 1925-இல்தான் வந்தது. அந்தத் தட்டுகளில் நிமிடத்துக்கு 75, 76 சுற்றில் வெட்டியவை உண்டு. 75-இல் வெட்டியதை 78-இல் ஓட்டிப் பிரதியெடுத்தால் வேகம் சுமார் 4% கூடும், சுருதியும் அரைச்சுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிடும். சோதிப்பது எளிது. ஸ்கோரில் (இசைக்குறிப்புத் தாளில்) ஏ (A) என்று நீண்டு நிற்கும் சுரத்தை ட்யூனர் செயலியில் பாருங்கள். 440 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால் சரி, 457, 458 காட்டினால் பிரதி வேகமாக ஓடுகிறது. ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்தச் செயலியில் வேகத்தை 3.8% குறையுங்கள். சுருதியை மட்டும் இறக்கும் கருவியைத் தொடாதீர்கள். சுரம் சரியாகும், ஆனால் காலப்பிரமாணமும் விப்ராட்டோவும் (விரலால் சுரத்தை அசைப்பது) ஓட்டமாகவே இருக்கும்.

ஸ்ட்ரீமிங் செயலிகளில் காட்டும் ஆண்டை நம்பவே கூடாது, பெரும்பாலும் அது மறுவெளியீட்டின் ஆண்டு. கண்டக்டர் பெயரைப் பாருங்கள். பீத்தோவன்: டோஸ்கனினி என்றால் 1940, மியூன்ஷ் என்றால் 1955. பிராம்ஸ்: கூசவிட்ஸ்கி 1939, ரைனர் 1955. சிபேலியுஸ்: பீச்சம் 1935, ஹெண்டல் 1959. சைகோவ்ஸ்கிக்கு பார்பிரோலி, சஸ்கிண்ட் (1950), ரைனர் (1957) என மூன்று. ஸ்கோரை வைத்துக்கொண்டு சைகோவ்ஸ்கியைக் கேட்பவர்கள் கடைசிப் பகுதியில் வழி தவறுவார்கள், குரு ஆவரின் வழியில் சில இடங்களை வெட்டித்தான் வாசிக்கிறார். புரூக்கின் முதல் கான்செர்ட்டோவில் இந்த வழி உதவாது. 1951, 1962 இரண்டுக்கும் சார்ஜென்ட்தான். லண்டன் சிம்ஃபனி என்று இருந்தால் முந்தையது.

வால்டன் கான்செர்ட்டோவின் 1941 பதிவை (கூசன்ஸ், சின்சினாட்டி) தவறவிடாதீர்கள். ஹைஃபெட்ஸ் கேட்டு எழுதி வாங்கிய படைப்பு அது. பிறகு வால்டன் ஆர்கெஸ்ட்ரா பகுதியைத் திருத்தினார். 1950-இல் அவரே நடத்த, ஹைஃபெட்ஸ் திருத்திய வடிவத்தைப் பதிவு செய்தார். முதல் வடிவம் எப்படி இருந்தது என்பதற்கு 1941 பதிவே சாட்சி. 1941 செப்டம்பரில் பியானோ கலைஞர் ரூபின்ஸ்டைன், செல்லோ கலைஞர் ஃபாயர்மனுடன் செய்த டிரியோக்களும் (மூவர் இசை) அப்படித்தான், மறுபடி வாய்க்காதவை. அடுத்த மே மாதம் ஃபாயர்மன் இறந்துவிட்டார்.

1946-இல் பாக்கின் இரட்டை வயலின் கான்செர்ட்டோவில் இரண்டு பாகத்தையும் அவரே வாசித்துச் சேர்த்ததை ஒருமுறை கேட்டால் போதும். இரண்டு குரலும் ஒரே நாதமாக இருப்பதால் யார் கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்பதே பிடிபடாது. வயலின் கலைஞர் எரிக் ஃபிரிட்மனுடன் 1961-இல் வாசித்தது அந்த வகையில் மேல். பாக்கின் தனி வயலின் படைப்புகள் ஆறையும் 1952-இல் முழுதாகப் பதிவு செய்தார், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 1923-க்கு முன் வெளியான தட்டுகள் அமெரிக்காவில் காப்புரிமை தீர்ந்தவை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நேஷனல் ஜூக்பாக்ஸ் தளத்தில் விக்டர் தட்டுகளை இலவசமாகவே கேட்கலாம்.